மார்ச் 17 அன்று அயர்லாந்தில் உண்மையில் என்னதான் செய்வார்கள்?

புதுவரவு_டப்ளின் | மார்ச் 4, இரவு 10:12

வணக்கம். டப்ளினுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. நான், மனைவி, ஆறு வயது மகள். பதினேழாம் தேதி, அயர்லாந்தின் பாதுகாவலர் புனித பேட்ரிக்கின் நாள், விடுமுறை. அன்றைக்கு என்ன செய்வீர்கள் என்று ஆபீஸில் மூன்று பேரைக் கேட்டேன், மூன்று பதில். டப்ளினிலேயே பிறந்து வளர்ந்த டீம் லீடர் "நான் ஊரை விட்டே ஓடிவிடுவேன்" என்கிறார். பிரேசிலிலிருந்து வந்த பையன் காலை பத்து மணிக்கே பப்கள் நிறைந்த டெம்பிள் பார் பகுதிக்குப் போய் இடம் பிடிக்க வேண்டும் என்கிறான். மேயோ பக்கத்திலிருந்து வந்தவர் "எங்கள் ஊரில் டிராக்டர் போகும், பார்ப்போம், வீட்டுக்கு வந்து சாப்பிடுவோம்" என்று முடித்துவிட்டார். நான் சிகாகோவில் ஆறே பச்சையாக ஓடும் படத்தைப் பார்த்துவிட்டு இங்கே லிஃபி ஆற்றையும் அப்படிச் செய்வார்கள் என்று மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். செய்வார்களா? பள்ளியில் வேறு பச்சை உடை போட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். குடும்பத்தோடு போகிற மாதிரி என்ன இருக்கிறது, எதைத் தவிர்க்க வேண்டும், அனுபவஸ்தர்கள் சொல்லுங்கள்.

கார்க்காரி | மார்ச் 4, இரவு 11:03

தம்பி, முதலில் மகளிடம் ஆற்று விஷயத்தைத் திருத்திச் சொல்லிவிடுங்கள். லிஃபி அன்றைக்கும் வழக்கமான அதே பழுப்பு நிறத்தில்தான் ஓடும். சில கட்டடங்களில் பச்சை விளக்குப் போடுவார்கள், அவ்வளவுதான்.

நான் கார்க் கவுண்டியில் நர்ஸ், பதினான்கு வருடம் ஆகிறது. இந்த நாளில் பாதி வருடங்கள் டியூட்டி, பாதி வருடங்கள் பிள்ளைகளோடு ஊர்வலம். இரண்டு பக்கமும் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன், பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை இது குழந்தைகளின் திருவிழா, மாலை ஆறுக்கு மேல் அவசரப் பிரிவின் திருவிழா. வழுக்கி விழுந்தவர்கள், கண்ணாடி கிழித்தவர்கள், எதற்கு வந்தோம் என்றே தெரியாமல் தலையில் பச்சைத் தொப்பியோடு உட்கார்ந்திருப்பவர்கள். குடும்பத்தோடு போகிறீர்கள் என்றால் பகலோடு வீடு திரும்பிவிடுங்கள்.

டப்ளின் பெரிய ஊர்வலம் நண்பகலுக்கு பார்னெல் சதுக்கத்தில் புறப்பட்டு ஓ'கானல் தெரு, பாலம், டேம் தெரு என்று வந்து புனித பேட்ரிக் பேராலயம் பக்கம் முடியும். முன்வரிசை வேண்டுமென்றால் பத்து, பத்தரைக்கே போய் நிற்க வேண்டும். ஆறு வயதுக் குழந்தை அந்தக் குளிரில் இரண்டு மணி நேரம் நிற்பாளா என்று பாருங்கள். ஐரிஷ் தகப்பன்மார் மடக்கு ஏணி எடுத்து வந்து பிள்ளைகளை அதன்மேல் நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

மழைக்குடை | மார்ச் 4, இரவு 11:40

லிமெரிக்கில் படிக்கிறேன். என் ஒரு வரி ஆலோசனை: டெம்பிள் பாருக்குப் போகாதீர்கள். அன்றைக்கு அங்கே ஐரிஷ்காரர் யாராவது இருந்தால் அவர் கவுண்டருக்குப் பின்னால் நின்று ஊற்றிக்கொடுப்பவராகத்தான் இருப்பார். போன வருடம் நான் போய்த் தொலைத்தேன். உள்ளே நுழைய நாற்பது நிமிடம், ஒரு பைன்ட் வாங்க அரை மணி, கொடுத்த காசில் எங்கள் ஊர்ப் பக்கம் இரண்டு பைன்ட் வாங்கியிருக்கலாம். பக்கத்தில் நின்ற ஆள் பச்சைத் தாடி ஒட்டிக்கொண்டு எந்த ஊர் என்று என்னைக் கேட்டார், நான் அவரைக் கேட்டேன், ஸ்டுட்கார்ட் என்றார்.

எல்லாம் அமெரிக்காக்காரன் கிளப்பிவிட்டது சார். குடி, பச்சை பியர், தொப்பி, எல்லாம்.

பழங்கஞ்சி | மார்ச் 5, காலை 7:25

மழைக்குடை, பச்சை பியரும் தொப்பியும் சரி. குடியை அமெரிக்கா தலையில் கட்ட முடியாது. 1726-ல் காலெப் த்ரெல்கெல்ட் என்ற தாவரவியலாளர் அயர்லாந்துச் செடிகளைப் பற்றி எழுதும்போதே, மார்ச் 17 அன்று மக்கள் ஷாம்ராக் என்ற மூவிலைச் செடியைத் தொப்பியில் குத்திக்கொள்கிறார்கள், அப்புறம் அதை நனைக்கிறேன் என்று அளவு மீறிக் குடிக்கிறார்கள் என்று புலம்பி வைத்திருக்கிறார். 'ஷாம்ராக்கை மூழ்கடிப்பது' என்று இன்றும் சொல்கிறார்கள். நாள் முழுக்க சட்டையில் இருந்த செடியைக் கடைசிக் கோப்பையில் போட்டு, வாழ்த்துச் சொல்லிக் குடித்துவிட்டு, அடியில் கிடக்கும் செடியை இடது தோளுக்கு மேலாகப் பின்னால் வீசுவார்கள். இப்போது அதைச் செய்பவர்கள் குறைவு. கால்வே பக்கம் ஒரு பெரியவர் செய்து நான் ஒரே ஒரு முறை பார்த்தேன், செடி பின்னால் நின்றவர் தட்டில் விழுந்தது.

ஆனால் ஊர்வலம் என்பது அங்கிருந்து இங்கே வந்ததுதான், அதில் சந்தேகமே வேண்டாம். நியூயார்க்கில் 1762-லேயே ஆங்கிலேயப் படையில் இருந்த ஐரிஷ் சிப்பாய்கள் நடந்திருக்கிறார்கள். டப்ளினில் அரசு நடத்திய முதல் ஊர்வலம் 1931-ல்தான். இப்போது நாம் பார்க்கும் பல நாள் திருவிழா 1996-ல் தொடங்கியது, சுற்றுலாவை மனதில் வைத்து அரசே ஏற்படுத்தியது. பிற்பாடு வந்த பஞ்சத்தில் கப்பலேறிப் போனவர்களின் பிள்ளைகள் அங்கே தங்கள் பலத்தைக் காட்ட நடந்த நடை, திரும்பி வந்து தாய்நாட்டுக்கு வழக்கமாகிவிட்டது.

இன்னொன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். 1927 முதல் 1960 வரை அயர்லாந்தில் மார்ச் 17 அன்று பப்களைச் சட்டப்படி மூட வேண்டும். டப்ளினில் சட்டப்படி ஒரு கோப்பை கிடைக்க வேண்டுமென்றால் பால்ஸ்பிரிட்ஜில் ராயல் டப்ளின் சொசைட்டி வளாகத்தில் நடந்த நாய்க் கண்காட்சிக்குப் போக வேண்டும். அன்றைக்கு நாய்ப் பிரியர்கள் திடீரென்று பெருகிவிடுவார்களாம். நம் ஊரில் அக்டோபர் 2-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். நாய்க் கண்காட்சி மட்டும்தான் குறை.

மழைக்குடை | மார்ச் 5, காலை 9:02

நாய்க் கண்காட்சி 😂 சரி அண்ணா, குடி விஷயத்தில் தோற்றேன். பச்சை பியரில் தோற்க மாட்டேன்.

மிச்சிகன்கரை | மார்ச் 5, மாலை 4:18

சிகாகோவிலிருந்து. எங்கள் ஆற்றை இழுத்துவிட்டதால் வருகிறேன். இங்கே பதினேழாம் தேதி அலுவலக விடுமுறை கிடையாது. அதற்கு முந்தைய சனிக்கிழமை ஆற்றுக்குச் சாயம், ஊர்வலம் இரண்டும் முடிந்துவிடும். 1962-லிருந்து பிளம்பர் சங்கத்துக்காரர்கள்தான் சாயம் போடுகிறார்கள். ஏன் பிளம்பர்கள் என்று நானும் யோசித்திருக்கிறேன். எந்தக் கட்டடம் கழிவை ஆற்றில் விடுகிறது என்று கண்டுபிடிக்க அவர்கள் குழாயில் ஒரு சாயம் ஊற்றிப் பார்ப்பார்கள். அது தண்ணீரில் பட்டதும் பளீரென்று பச்சையாகும். அதைப் பார்த்துத்தான் ஆறு முழுக்கப் போட்டால் என்ன என்று தோன்றியிருக்கிறது. முதல் வருடம் 100 பவுண்டு எடைச் சாயம் போட்டதில் ஒரு வாரம் பச்சை மாறவில்லையாம். இப்போது தாவரப் பொடிக்கு மாறிவிட்டார்கள், அளவும் குறைவு. படகிலிருந்து கொட்டும்போது அது ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். மஞ்சள் பொடியைக் கொட்டுகிறார்கள் என்று என் அம்மா நினைத்தார், ஐந்தே நிமிடத்தில் பச்சை. குழந்தைகளைவிட அவர்தான் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

சாப்பாட்டுக்கு இங்கே கார்ன்ட் பீஃப் என்ற உப்பிட்ட மாட்டிறைச்சியும் முட்டைக்கோஸும். எல்லாக் கடைகளிலும் தள்ளுபடி. அயர்லாந்திலும் அதுதானே?

கார்க்காரி | மார்ச் 5, மாலை 6:50

இல்லை. இதைக் கேட்டால் இங்கே என் வார்டு முழுக்க முகம் சுளிக்கும். இங்கே வீட்டுச் சாப்பாடு என்றால் பேக்கனும் முட்டைக்கோஸும். பேக்கன் என்றால் பொரித்த மெல்லிய துண்டு இல்லை. உப்பில் ஊறிய பன்றி இறைச்சியை முழுத் துண்டாக வேகவைத்து, அந்தத் தண்ணீரிலேயே முட்டைக்கோஸையும் வேகவைப்பார்கள். தோல் வெடித்து மாவு மாவாக உதிரும் உருளைக்கிழங்கு, மேலே பார்ஸ்லி போட்ட வெள்ளை சாஸ். காரம் என்ற பேச்சே கிடையாது, நான் ஊறுகாய்ப் பாட்டிலோடுதான் போவேன். ஒருமுறை என்னோடு வேலை செய்யும் அக்கா வீட்டில் அவருடைய எண்பது வயது அம்மா அந்த மாவடுவைக் கடித்துவிட்டு ஐந்து நிமிடம் பேசவே இல்லை, அப்புறம் இன்னொன்று கேட்டார்.

மோர் ஊற்றிப் பிசைந்து, ஈஸ்ட் இல்லாமல் சமையல் சோடா போட்டுச் சுடும் சோடா பிரெட்டும் இருக்கும். அது நமக்கு ஒத்துவரும், வெண்ணெய் தடவிச் சாப்பிட்டுப் பாருங்கள்.

பழங்கஞ்சி | மார்ச் 5, இரவு 8:31

அதற்குக் காரணம் இருக்கிறது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் உப்பிட்ட மாட்டிறைச்சி கார்க் துறைமுகத்திலிருந்துதான் கப்பல் கப்பலாக ஏற்றுமதியானது, கடற்படைகளுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும். அதைச் செய்து அனுப்பிய ஊர்க்காரனுக்கு அதை வாங்க வழியில்லை. அமெரிக்கா போன பிறகு கூலி வந்தது, நியூயார்க்கில் யூதர்களின் இறைச்சிக் கடையில் மாட்டிறைச்சி மலிவாகக் கிடைத்தது, பன்றி இருந்த இடத்தில் மாடு வந்தது. கார்க்காரி அக்காவின் வார்டில் முகம் சுளிப்பவர்களிடம் இதையும் சொல்லுங்கள்.

நோன்புக் காலத்தோடும் சம்பந்தம் உண்டு. மார்ச் 17 எப்போதும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில்தான் விழும். மிட்டாய் சாப்பிட மாட்டேன், குடிக்க மாட்டேன் என்று சபதம் எடுத்தவர்களுக்கு அந்த ஒரு நாள் விலக்கு. அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இந்த நாள் என்றாலே மிட்டாய் நாள்தான். இன்றைக்கு அறுபது, எழுபது வயதில் இருப்பவர்களைக் கேளுங்கள், முதலில் அதைத்தான் சொல்வார்கள்.

புதுவரவு_டப்ளின் | மார்ச் 6, மதியம் 1:15

இவ்வளவு விஷயமா! எல்லோருக்கும் நன்றி. இன்னொரு சந்தேகம். நேற்று டீம் குரூப்பில் நான் 'ஹேப்பி செயின்ட் பேட்டிஸ் டே' என்று முன்கூட்டியே போட்டுவிட்டேன். இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தினார்கள். என்ன தப்பு?

மழைக்குடை | மார்ச் 6, மதியம் 1:29

அய்யோ. பாவத்திலேயே பெரிய பாவம் அதுதான். பேட்ரிக்கின் ஐரிஷ் வடிவத்தில் வருவது ஆங்கில T இல்லை, D எழுத்து. அதனால் செல்லப் பெயரிலும் அதே எழுத்துதான் வர வேண்டும், வல்லின 'ட்ட' போட்டால் அது பெண் பெயர். தமிழில் எழுதுவதுதான் சிக்கல். பேட்டி என்று எழுதினால் ஐரிஷ்காரர் கோபித்துக்கொள்வார், பேடி என்று எழுதினால் தமிழாசிரியர் கோபித்துக்கொள்வார். நான் 'பாடிஸ் டே' என்று எழுதுகிறேன், இங்கே உச்சரிப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

இல்லையென்றால் ஐரிஷ் மொழியிலேயே வாழ்த்திவிடுங்கள். மார்ச் முதல் பதினேழு நாளும் ஐரிஷ் மொழி வாரம் என்று பள்ளிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது, மகளுக்கே தெரிந்திருக்கும். பண்டிகைப் பெயர் 'லா ஏலே பாட்ரிக்'. நடுவில் அந்த 'ஏலே' வருவதால் எனக்கு அது திருநெல்வேலியில் யாரோ யாரையோ கூப்பிடுகிற மாதிரியே கேட்கும்.

வடக்குக்காற்று | மார்ச் 6, இரவு 9:47

பெல்ஃபாஸ்டிலிருந்து. வடக்கு அயர்லாந்திலும் அன்றைக்கு வங்கி விடுமுறை, ஆனால் இங்கே கதை கொஞ்சம் வேறு. கொடி ஒரு பெரிய பிரச்சினை. தெற்கே உள்ள அயர்லாந்துக் குடியரசின் பச்சை, வெள்ளை, ஆரஞ்சு மூவர்ணம் பிடித்தால் சில பேருக்கு அது தங்கள் பண்டிகை இல்லை என்றாகிவிடும். இத்தனைக்கும் பேட்ரிக்கை கத்தோலிக்கரும் கொண்டாடுகினம், புரட்டஸ்தாந்துகாரரும் கொண்டாடுகினம். டவுன்பேட்ரிக் என்ற ஊரில் அவருடைய கல்லறை என்று காட்டும் இடம் இருக்கு, அது இருப்பது புரட்டஸ்தாந்துப் பேராலய வளவில். மேலே பேட்ரிக் என்று செதுக்கிய ஒரு பெரிய கல். பதினேழாம் தேதி காலை வழிபாடு முடித்து அங்கே நடந்துபோய் மலர்வளையம் வைப்பார்கள். நான் என்ரை பிள்ளைகளை அங்கேதான் கூட்டிக்கொண்டு போறனான். சத்தமில்லை, அவசரமில்லை.

ஒரு விஷயம் யோசித்துப் பாருங்கள். அந்த மனிசன் ஐரிஷ்காரனே இல்லை. ரோமர் ஆண்ட பிரிட்டனில் பிறந்து, பதினாறு வயதில் கொள்ளைக்காரர் பிடித்துக்கொண்டு வந்து இங்கே அடிமையாக ஆறு வருசம் மந்தை மேய்த்து, தப்பி ஓடி, பிறகு மதம் போதிக்கத் தானாகவே திரும்பி வந்தவர். அவர் எழுதி வைத்ததே இன்றைக்கும் இருக்கு. அவர் இந்தத் தீவிலிருந்து பாம்பை விரட்டினார் என்று சனம் சொல்லும் கதையும் அதில் இல்லை, மூவிலையைக் காட்டிப் போதித்தார் என்ற கதையும் இல்லை. ஊரை விட்டு வந்த எங்களைப் போன்ற ஆட்களுக்கு அந்தப் பகுதிதான் நெஞ்சில் நிற்கும்.

பழங்கஞ்சி | மார்ச் 7, காலை 6:58

வடக்குக்காற்று சொன்னது அத்தனையும் சரி. பனியுகம் முடிந்த பிறகு இந்தத் தீவில் பாம்பே வந்து சேரவில்லை, விரட்டுவதற்கு என்ன இருந்தது.

பச்சைகூடப் பிற்பாடு வந்ததுதான். 1783-ல் பேட்ரிக் பெயரில் ஏற்படுத்திய அரச விருதுக்கு நிறம் நீலம். ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான 1798 கிளர்ச்சியை ஒட்டித்தான் பச்சை நாட்டுப்பற்றின் நிறமாக அழுத்தமாக நின்றது.

அப்புறம் அந்த மூவிலை. நாலிலை க்ளோவரை யாரும் சட்டையில் குத்திக்கொண்டு போய்விடாதீர்கள், அது அதிர்ஷ்டத்துக்கு, இந்த நாளுக்கு இல்லை. ஷாம்ராக் என்று தனியாக ஒரு செடி கிடையாது, பெயருக்கே 'சின்ன க்ளோவர்' என்றுதான் பொருள். 1893-ல் நத்தானியல் கோல்கன் என்பவர் நாடு முழுக்கவிருந்து மக்கள் "இதுதான் ஷாம்ராக்" என்று அனுப்பியதை நட்டு வளர்த்துப் பார்த்தார், 1988-ல் மறுபடியும் அதே மாதிரி ஒரு சோதனை நடந்தது. ஆளுக்கொரு செடியை அனுப்பியிருந்தார்கள். மஞ்சள் பூப்பூக்கும் சின்ன க்ளோவர்தான் அதிகம், வெள்ளைப்பூ க்ளோவர் அடுத்து. பார்க்க நம் புளியாரையைப் போலவே இருக்கும், ஆனால் புளிக்காது. ஐரிஷ்காரர்கள் ஷாம்ராக்கைத் தின்கிறார்கள் என்று பழைய ஆங்கிலேயர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள், அது புளியாரையின் உறவுச் செடியாக இருந்திருக்கலாம் என்று ஒரு கட்சி உண்டு. எனக்கு அந்தக் கட்சி பிடிக்கும்.

கார்க்காரி | மார்ச் 7, மாலை 5:20

தம்பி கேட்டது குடும்பத்தோடு எங்கே போவது என்று, பழங்கஞ்சி அண்ணா நம்மைக் கீரைக் கட்டு வரைக்கும் கொண்டுவந்துவிட்டார் 😄

என் பேச்சைக் கேளுங்கள், டப்ளினிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது சின்ன ஊராகப் பார்த்துப் போங்கள். அங்கே ஊர்வலம் என்றால் என்ன தெரியுமா? தீயணைப்பு வண்டி, பத்துப் பதினைந்து டிராக்டர், அந்த ஊர் ஹர்லிங் மன்றத்துப் பொடியன்கள் மட்டையோடு, சுருட்டைமுடி விக் வைத்த நடனப் பள்ளிப் பெண்கள், லாரி மேல் சோபா போட்டு உட்கார்ந்திருக்கும் மூதாட்டிகள். எங்கள் ஊரில் மலையாளிகள் செண்டை மேளத்தோடு வருவார்கள், அதற்குத்தான் கைத்தட்டல் அதிகம். பாதி ஊர் நடக்கும், பாதி ஊர் பார்க்கும், நடப்பவர்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். எங்கள் கவுண்டியில் டிரிப்ஸி என்று ஒரு ஊர், இரண்டு பப்களுக்கு நடுவே 100 அடிகூட வராத தூரம், அதுதான் உலகத்திலேயே சிறிய ஊர்வலம் என்று பெருமையாக நடத்தினார்கள். ஒரு பப் மூடியதும் ஊர்வலமும் முடிந்தது. டிங்கிளில் இன்னும் காலை ஆறு மணிக்கே குழலும் முரசுமாகக் கிளம்புகிறார்கள், அதைப் பார்க்க எனக்கு இன்னும் எழுந்திருக்க முடியவில்லை.

உடை விஷயம்: உள்ளே தெர்மல், மேலே மழைச்சட்டை. பச்சை தொப்பியில் இருந்தால் போதும். வெயில், மழை, ஆலங்கட்டி மூன்றும் ஒரே மணி நேரத்தில் வரும்.

மிச்சிகன்கரை | மார்ச் 8, அதிகாலை 2:11

செண்டை மேளமா! எங்கள் சிகாகோவைவிட உங்கள் ஊர்தான் தேவலை போலிருக்கிறது.

மழைக்குடை | மார்ச் 8, காலை 10:36

என்னைக் கேட்டால் நிஜமான ஐரிஷ் பண்டிகை பார்க்க பிப்ரவரி 1 பிரிஜிட் நாளுக்குத்தான் வந்திருக்க வேண்டும். 2023-லிருந்து அதற்கும் பொது விடுமுறை. கோரையில் சிலுவை பின்னி வாசலில் மாட்டுவார்கள், முந்தைய இரவு ஒரு துணியை வெளியே வைத்து எடுத்து மருந்துபோல வைத்துக்கொள்வார்கள். ஸ்டுட்கார்ட்காரர் ஒருவர்கூட வருவதில்லை. விடுமுறை அறிவித்தாயிற்று, இனி அதற்கும் தொப்பி விற்கத் தொடங்குவார்கள்.

புதுவரவு_டப்ளின் | மார்ச் 18, இரவு 9:55

போய்வந்த கதையை எழுதுகிறேன். சின்ன ஊருக்கே போனோம், கில்டேர் பக்கம். டிராக்டர்களை மகள் எண்ணினாள், இருபத்து மூன்று. ஒன்றில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரு நாய் பச்சை ரிப்பனோடு உட்கார்ந்திருந்தது, அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பாதியில் ஆலங்கட்டி. ஒருவரும் நகரவில்லை, குடையை மட்டும் விரித்துக்கொண்டார்கள். பேண்ட் வாசித்த பிள்ளைகள் தலையில் கல் விழ விழ வாசித்தார்கள். மைக்கில் பேசியவர் ஒவ்வொரு லாரி வரும்போதும் அது யாருடைய லாரி, அவர் மனைவிக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்பது வரை சொன்னார்.

நாங்கள் நின்ற இடத்தில் ஒரு பெரியவர், மகள் சட்டையில் பச்சைத் தாளில் வெட்டிய இலை இருப்பதைப் பார்த்துவிட்டு, தன் கோட்டிலிருந்த நிஜச் செடியில் பாதியைப் பிய்த்து அவளுக்குக் குத்திவிட்டார். ஈர மண்ணோடு இருந்தது. அவருடைய தங்கைக்கு மெல்போர்னுக்கு வருடா வருடம் தபாலில் அனுப்புவாராம், இந்த வருடம் அனுப்ப ஆளில்லை என்றார். எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. மகள் 'லா ஏலே பாட்ரிக்' என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள். அவர் ஐரிஷிலேயே நீளமாக ஏதோ பதில் சொன்னார், அவளுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

செடி இப்போது ஃபிரிட்ஜ் மேலே டம்ளர் தண்ணீரில் இருக்கிறது. மதுரைக்கு வீடியோ கால் போட்டு மகள் அதைக் காட்டினாள். அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்து, "புளியாரைதானே, இவ்வளவுதான் கிடைச்சுதா, துவையலுக்குக் காணாதே" என்றார். பழங்கஞ்சி அண்ணா, உங்கள் கட்சிக்கு ஓர் ஓட்டு.

கார்க்காரி | மார்ச் 18, இரவு 10:20

நான் நேற்று டியூட்டி. தொப்பிகள் ஒன்பது, தாடி இரண்டு. தம்பி, அது எந்த ஊர்?

புதுவரவு_டப்ளின் | மார்ச் 18, இரவு 10:24

தனிமடலில் அனுப்பியிருக்கிறேன் அக்கா. இங்கே போட்டால் அடுத்த வருடம் மழைக்குடையின் ஸ்டுட்கார்ட் நண்பர் வந்துவிடுவார்.